மாஸ்க்குக்குக் கொடுத்த மீசை

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். கலியாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் விரல் சூப்பிச் சாப்பிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் யாருடைய தலை எண்ணெயோ பட்டுப் பளபளக்கும் சீற்றில் சாயமாட்டேன். வீட்டில் எனக்கென்று தனிக் குவளை இருக்கிறது. அதில் வேறு யாராவது வாய் வைத்தால் கழுவிக் கவிழ்த்த பிறகும் எனக்குத் தெரிந்துவிடும். இப்படிப்பட்டவனுக்கு, முகத்தில் ரப்பர் மூடி ஒன்றைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டிய வியாதி வந்து சேர்ந்தது. விலாசம் மாறி வந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவன். பண்டத்தரிப்பிலும் சுற்றுப்புறத்திலும் பதினொரு பிள்ளைகளை ஏற்றி யாழ்ப்பாண நகரத்துப் பள்ளிக்கூடங்களில் இறக்குவேன். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, நேரான வீதியில், பிள்ளைகள் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே நித்திரையாகிவிட்டேன். கண் சொருகவில்லை. கொட்டாவியும் வரவில்லை. வீதி இருந்தது, பிறகு வானின் முன்சில்லு வெள்ளவாய்க்காலுக்குள் இருந்தது. மதிலுக்கு இன்னும் ஒரு முழம்தான் மிச்சம். முதல் வரிசையில் இருந்த எட்டு வயதுப் பெண்பிள்ளையின் முகம் முன் சீற்றுக் கம்பியில் அடிபட்டு, புதிதாக முளைத்த முன்பல்லில் பாதி உடைந்து போயிற்று. மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

சனம் கூடியது. என்ன நடந்தது என்று கேட்ட முதல் ஆளிடம், "நாய் ஒண்டு குறுக்கை விழுந்திட்டுது" என்றேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். எங்கள் வீதிகளில் நாயைவிடப் பொருத்தமான பொய் கிடையாது. எல்லாரும் நம்பினார்கள், பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரும் நம்பினார்கள். உண்மையை மனைவிக்கும் டொக்டருக்கும் மட்டும் சொன்னேன்.

உடம்பில் வயர்களைப் பூட்டி ஓர் இரவு சோதித்தார்கள். நித்திரையில் என் மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோகிறதாம். அதனால்தான் பகலில் அப்படி விழுகிறேனாம். காற்றைத் தள்ளும் மெசினையும் மாஸ்க்கையும் போட்டுக்கொண்டு படுத்தால் சரியாகிவிடும் என்றார் டொக்டர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதையும் சொன்னார்.

"ஒழுங்காய்ப் போட்டுப் படுக்கிறீங்களோ எண்டு மெசினே கணக்கு வைச்சிருக்கும். அதை நான் பாத்து ஓம் எண்டு சொல்லுமட்டும் ஸ்ரியறிங்கிலை கை வைக்கக் கூடாது. நீங்கள் ஏத்திறது பிள்ளையளை."

வானை வேறொரு சாரதியிடம் கொடுத்தேன். பெற்றோருக்கு, அன்றைக்கு இடுப்பு அடிபட்டு நாரி பிடித்துவிட்டது என்று சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அதுவும் பொருந்திவிட்டது.

மாஸ்க்தான் பொருந்தவில்லை. முதல் மாஸ்க் கனடாவிலிருந்து வந்தது. மனைவியின் தமையன், என் மச்சான், அங்கே காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்கும் இதே வியாதி. கனடாவில் இருப்பவர்கள் ஒன்றையும் எறியமாட்டார்கள். ஊருக்கு வருகிற யாருடைய சூட்கேசிலாவது வைத்து அனுப்பிவிடுவார்கள். செத்தவரின் சப்பாத்து, பாதி முடிந்த சென்ற், பிரஷர் குளிசை, கைத்தடி எல்லாம் இப்படி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. மெசினும் மாஸ்க்கும் அப்படித்தான் வந்தன. மெசின் பரவாயில்லை, துடைத்தால் போய்விடும். மாஸ்க் ஒரு பிளாஸ்ரிக் பையில், சொக்லேற்றுகளுக்கு நடுவில் கிடந்தது. வெளியே எடுத்தேன். பட்டியில் ஒரு வெள்ளை மயிர் சுற்றியிருந்தது. உள்மூலையில் ஏதோ காய்ந்து வெண்மையாக ஒட்டியிருந்தது. சென்ற் வாசத்துக்கு அடியிலிருந்து, விடியற்காலையில் பல் விளக்காத வாயின் மணம் வந்தது. கிணற்றடிக்குப் போய் ஓங்காளித்துவிட்டு வந்தேன்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று மனைவி சொன்னாள். அது சரி. ஆனால் மாட்டை யாரும் முகத்தில் கட்டிக்கொண்டு படுப்பதில்லை. மச்சானின் மனைவி அன்றைக்கே தொலைபேசியில் வந்தார்.

"அவர் ஆறு மாசந்தான் போட்டவர். புதுசு மாதிரி. போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, எனக்கொரு ஆறுதலாய் இருக்கும்."

புருசனை இழந்தவரின் பேச்சைத் தட்ட முடியுமா? மாஸ்க்கை முகத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி படத்துக்கு நின்றேன். அந்தப் படம் அங்கே சொந்தக்காரர் எல்லாருக்கும் போயிருக்கிறது. என்னைப் பார்த்து மச்சானே இருக்கிற மாதிரி இருந்தது என்று யாரோ அழுதார்களாம்.

பிறகு அதைச் சுத்தம் செய்யத் தொடங்கினேன். உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன். மனம் ஆறவில்லை. எங்களுக்குச் சுத்தம் என்றால் மஞ்சள்; ஆகவே மஞ்சளைக் கரைத்து ஊற்றி, ஒரு பழைய சட்டியில் அதைக் கொதிக்கவும் வைத்தேன். செத்த வீட்டுத் துடக்குக் கழிக்கிற மாதிரி ஒரு மாஸ்க்குக்குத் துடக்குக் கழித்தவன் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். சட்டியிலிருந்து வெளியே வந்தது மஞ்சள் நிறத்தில் ஒரு பக்கம் இழுபட்டுக் கோணிப் போன ஏதோ ஒன்று. முகத்தில் வைத்தால் இரண்டு கன்னத்தாலும் காற்றுச் சீறியது. எனக்குத் துக்கமே வரவில்லை. மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஆழமாகக் கிடங்கு வெட்டி மூடினேன்.

அடுத்தது நகரத்தில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் வாங்கிய புது மாஸ்க். மூக்கை மட்டும் மூடுவது. மூக்கால் போன காற்று வாயால் வெளியே வந்தது. வந்தது தனியாக வரவில்லை. காலையில் தலையணை உறை கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் எச்சில்தான். ஆனாலும் நாற்றம் நாற்றந்தானே. வாய் திறக்காமல் இருக்க, தாடையைத் தூக்கிக் கட்டும் ஒரு நாடிப்பட்டி தந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்த என்னைப் பார்த்த மனைவி கையில் இருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். பிரேதத்துக்கு நாடி கட்டியிருக்கிற மாதிரி இருந்ததாம்.

இந்த நாட்களில்தான் ஒரு பின்னேரம் அந்தப் பல் உடைந்த பிள்ளையின் தாய் என்னைப் பார்க்க வந்தாள். கையில் ஒரு பெட்டி நிறையப் பயத்தம் பணியாரம். அவளே சுட்டது. கதிரை நுனியில் இருந்துகொண்டு பேசினாள்.

"வேறை ஆரும் எண்டால் மதிலோடை கொண்டுபோய் அடிச்சிருப்பினம் அண்ணை. நீங்கள் எண்டபடியால் பிள்ளையள் தப்பினதுகள். உங்கடை நாரி எப்பிடி?"

"பரவாயில்லை, தங்கச்சி."

"அவள் இப்ப சிரிக்கேக்கை கையாலை வாயைப் பொத்துறாள். அதுக்கென்ன, உயிர் இருக்குத்தானே. சாப்பிடுங்கோ அண்ணை."

சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், சாப்பிடாமல் எப்படி? கடித்த துண்டு வாயில் மாவாகிக் கிடந்தது, தொண்டைக்குள் போகமாட்டேன் என்றது. செத்தவரின் மாஸ்க்கில் குமட்டியதெல்லாம் ஒரு குமட்டலே இல்லை. அவள் போன பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். மூக்கின் மேல் மாஸ்க் அரித்த சிவப்புப் புண். அதற்குக் கீழே நல்ல அடர்த்தியான மீசை. மீசையில் பணியார மா. சீ என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டே சொன்னேன்.

மூன்றாவதாக மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் வாங்கினேன். அது மேல் உதட்டில் காற்றை விட்டது. விட்ட சத்தத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. வயிறு சரியில்லாத ஒருவர் அறைக்குள் இருக்கிறார் என்றே யாரும் நினைப்பார்கள். பட்டியை இறுக்கினேன். இன்னும் விட்டது. இன்னும் இறுக்கினேன், புண் உடைந்தது. மீசை மயிர்தான் படியாமல் நிற்கிறது என்று எண்ணி, நல்லெண்ணெய் தடவி வாரிப் படிய வைத்தேன். மாஸ்க் வழுக்கிக்கொண்டு கழுத்துக்குப் போய்விட்டது. மூச்சின் ஈரமும் எண்ணெயும் மீசைக்குள் இறங்கி, விடியும்போது ஊறின புண்ணாக்குப் போல மணத்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை சவர்க்காரம் போட்டு மீசை கழுவினேன்.

சிகிச்சை நிலையத்தில் மாஸ்க் பொருத்துகிற பெண்பிள்ளைக்கு முப்பது வயது இருக்கும். கை உறை போட்டுக்கொண்டு என் மாஸ்க்கின் விளிம்பைத் தொட்டாள், விரல் வழுக்கியது.

"என்ன அண்ணை பூசினீங்கள்?"

"நல்லெண்ணெய்."

அவள் சிரிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவளுக்கு நன்றி. என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, மெசினைப் போட்டு, பட்டிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். படுத்தால் கன்னம் சரியும், முகத்தின் அளவே மாறும், ஆகவே இருந்துகொண்டு அளவு பார்ப்பதில் பிரயோசனமில்லை என்றாள்.

"இறுக்கினால் நிக்கும் எண்டுதான் எல்லாரும் நினைக்கினம். இந்த ரப்பர் காத்தாலை ஊதி, தானாய் முகத்திலை இருக்கோணும். இறுக்கினால் அது நசிஞ்சு போகும், இடுக்காலை காத்துப் போகும். இப்ப மற்ற எல்லா இடமும் சரி அண்ணை. மீசைதான் விடுகுதில்லை."

எனக்கு இருபது வயதிலிருந்து மீசை இருக்கிறது. ஒரேயொரு தடவை வழித்தேன், அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது. எங்கள் ஊரில் மூத்த மகன் மீசை எடுக்கிறான் என்றால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது. அம்மா கரவெட்டியில் தங்கச்சி வீட்டில் நன்றாக இருக்கிறா. வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டாள்.

"மாமி உயிரோடை இருக்கேக்கை மீசை எடுக்கிறதோ? வாயாலை சொல்லுறதே பிழை. வேறை மாஸ்க் பாருங்கோ."

வேறு மாஸ்க் இனிக் கொழும்பிலும் இல்லை, பார்த்தாயிற்று. மெசினின் கணக்கில் ஓர் இரவுக்கு ஒன்றரை மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் என்றுதான் வந்துகொண்டிருந்தது. ஒரு பகல் கதிரையில் இருந்தபடியே நித்திரையாகி, கையில் இருந்த தேத்தண்ணி மடியில் ஊற்றுப்பட்டுத்தான் எழும்பினேன். சூடு தொடையில் ஏறியபோது அந்தப் பிள்ளையின் பல்தான் ஞாபகம் வந்தது. நேரே கிணற்றடிக்குப் போய் மீசையை எடுத்துவிட்டேன். கல்லைப் புரட்டினால் கீழே இருக்கிற புல்லைப் போல மேல் உதடு வெளிறிக் கிடந்தது. இத்தனை வருசம் இதையா மறைத்துவைத்திருந்தேன் என்று வெறுப்பாக இருந்தது. மனைவி அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவோடு பேசும்போது தொலைபேசியில் படம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

மாஸ்க் நின்றது. சத்தமில்லை, சீறலில்லை. முதல் முறையாகக் கணக்கில் ஏழு மணித்தியாலம் வந்தது. காலையில் எழும்பினால் தலை கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. இத்தனை வருசமும் நித்திரை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நித்திரையே இல்லை. ஒரு மாதக் கணக்கை டொக்டர் பார்த்து, இனி ஓடலாம் என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை வானை எடுத்தேன். முதல் வீடு அந்தப் பிள்ளையின் வீடு. படலையடியில் தாய் புத்தகப் பையோடு நின்றாள். என் முகத்தைக் கண்டதும் அவளுடைய முகம் மாறியது.

"ஐயோ, என்னண்ணை இது? அம்மாவுக்கோ? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. செத்தவீட்டுக்கு வராமல் விட்டிட்டமே."

அவள் குரலில் உண்மையான குற்றவுணர்வு இருந்தது. எனக்கு விடை நாக்கு நுனியில் இருந்தது. மச்சான், கனடாவில், என்று சொன்னால் போதும். அவள் தலையை ஆட்டி, துக்கம் விசாரித்து, பிள்ளையை ஏற்றிவிடுவாள். செத்தவரும் ஒருவர் இருக்கிறார், பாதிப் பொய்தான். வாயைத் திறந்தபோது அந்தப் பணியாரத்தின் மா மறுபடியும் தொண்டையில் வந்து நின்றது. இந்தப் பிள்ளையை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் இவள். எதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்கிறாள்?

"ஒருத்தரும் சாகேல்லை, தங்கச்சி. எனக்கொரு நித்திரை வியாதி. அதுக்கு முகத்திலை மாஸ்க் போட்டுப் படுக்கோணும், மீசை இருந்தால் அது ஒட்டாது. அண்டைக்கு நாய் வரேல்லை. நான் நித்திரையாப் போனன். இப்ப டொக்டர் ஓடலாம் எண்டிட்டார். ஆனால் உங்களுக்குத் தெரிய வேணும்."

பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தது. தாய் கத்தவில்லை. புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பல்லு விளக்கிவிடேக்கை நான் அந்த நாயைத்தான் திட்டிறனான்" என்றாள்.

பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படலையைச் சாத்தினாள். நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மற்ற வீடுகளிலும் ஒவ்வொரு படலையிலும் வானை நிறுத்தி இறங்கி, இதையே சொன்னேன். அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இறக்கியது மூன்று பிள்ளைகளை.