மூடி வந்த சீர்

கீரமங்கலத்து மினி லாரி டிரைவர் நாகராசுக்கு ஐம்பத்து மூன்று வயது. எட்டாம் வகுப்பை முடிக்கவில்லை. ஆனால் தார்ப்பாய் கட்டுவதில் தனக்கு மேல் ஆள் கிடையாது என்பது அவர் எண்ணம். யாரும் மறுத்துப் பேசியதில்லை. பேசினால் வண்டி வராது. இருபத்திரண்டு வருசத்தில் அவர் ஏற்றிய லோடிலிருந்து ஒரு தேங்காய் கீழே விழுந்ததில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனதில்லை. கஜா புயலில் அவர் வீட்டுக் கூரை பறந்துபோனது. வாசலில் நின்ற லாரியின் தார்ப்பாய் அசையவில்லை. அவர் பெண்டாட்டி இன்றுவரை இதைச் சொல்லிக்காட்டுகிறாள். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறார்.

அவரிடம்தான் கவியரசன் வந்து மாட்டினான். சிங்கப்பூரில் வேலை. வல்லத்திராக்கோட்டையில் தங்கச்சி புவனேஸ்வரியின் மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். ஒரு பீரோ, ஒரு கட்டில், மெத்தை, ஒரு டிரெஸ்ஸிங் டேபிள், முப்பத்தொரு தட்டு. சடங்கு வீட்டு வாசலில் கூலிங் கிளாசோடு அவனுக்கு இருபதடியில் ஃப்ளெக்ஸ் நின்றது.

லோடு ஏறி முடிந்ததும் வானம் கருத்தது. நாகராசு தார்ப்பாயை உதறினார்.

"வேண்டாம்ணே. தெறந்தே போவோம். வழியில பாக்குறவன் பாக்கட்டும்."

"மழை வருது தம்பி."

"போன்ல நாளைக்குத்தான்னு போட்டுருக்கான்."

"போனு சொல்லிட்டுப் போயிரும். நனையப் போறது கட்டிலு. ப்ளைவுட்டு வேற. தண்ணி பட்டா அப்பளமாட்டம் உப்பிரும்."

"மெதுவாச் சொல்லுங்கண்ணே! தேக்குன்னுல சொல்லி வச்சிருக்கேன்."

நாகராசு தார்ப்பாயை லோடின் மேல் விரித்தார். முன்பக்கத்து விளிம்பை உள்ளே மடித்துச் சொருகினார். அங்கே காற்று புகுந்தால் தார்ப்பாய் பலூனாகிவிடும். பிறகு கொக்கிக்குக் கொக்கி கயிற்றை இழுத்து, பக்கப் பலகையில் காலை உதைத்து இறுக்கினார். கவியரசன் தன் சீருக்குப் பாடை கட்டுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆலங்குடி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டு, வல்லத்திராக்கோட்டை எல்லையில் பட்டென்று நின்றது. செண்டை மேளம் தயார். பந்தலில் இருந்த சனமெல்லாம் வண்டியைச் சூழ்ந்துகொண்டது.

"அண்ணே, சீக்கிரம் அவுத்துவிடுங்க!" என்றான் கவியரசன்.

நனைந்த கயிறு இறுகிக் கல்லாகியிருந்தது. யாரோ அரிவாளை நீட்டினார்கள்.

"கயித்துல அருவா பட்டுச்சு, வண்டிய இப்படியே திருப்பிருவேன்" என்றார் நாகராசு.

அவர் ஒவ்வொரு முடிச்சாகப் பல்லால் கடித்துத் தளர்த்தினார். மேளக்காரர்கள் கைவலியில் ஒரு சுற்று நிறுத்தினார்கள். காத்திருந்த சனம் தார்ப்பாயின் மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்தது.

"அந்த ஒசரம் ஃபிரிட்ஜுதான்" என்றது ஒரு குரல்.

புவனேஸ்வரி புருசனின் பெரியம்மா பிரகதாம்பாள் விரலை நீட்டினாள். "இங்கிட்டுச் சதுரமா இருக்குல்ல, அது வாசிங் மிசினு. எங்க மருமக வச்சிருக்கா, எனக்குத் தெரியாதா?"

"மூடிக் கொண்டாந்திருக்காகன்னா சும்மாவா? கண்ணு பட்டுருமுன்னுதான்."

புவனேஸ்வரிக்கு முகமெல்லாம் பல். போன வருசம் ஓரகத்தி மகள் சடங்குக்கு வந்தது வெறும் கிரைண்டர்.

கவியரசன் மெல்ல நாகராசு காதோரம் வந்தான்.

"அண்ணே, அவுக்காதீங்க."

"என்னாது?"

"மூடியே இருக்கட்டும். கொல்லப்பக்கம் கொண்டுபோயி எறக்கிக்கலாம்."

நாகராசுக்குச் சுருக்கென்றது. இத்தனை மழையில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்பதை ஒரு ஆளாவது பார்க்க வேண்டாமா? கடைசி முடிச்சைக் கடித்து இழுத்து, தார்ப்பாயை ஒரே வீச்சாகச் சுருட்டி எறிந்தார்.

"தொட்டுப் பாருங்க! மெத்தையத் தொட்டுப் பாருங்க! ஈரம் இருக்கா?"

யாரும் தொடவில்லை. எல்லோரும் எட்டி எட்டி வேறு எதையோ தேடினார்கள். உயரமாகத் தெரிந்தது பீரோ, சதுரமாகத் தெரிந்தது தட்டுகளை அடுக்கிய அட்டைப்பெட்டி. மேளம் தானாக நின்றது.

"அண்ணே," என்றாள் புவனேஸ்வரி, கவியரசன் பக்கம் திரும்பி, "வாசிங் மிசினு எங்கண்ணே?"

கவியரசன் கூலிங் கிளாசைக் கழற்றினான், மாட்டினான்.

"அது... வழியில விழுந்துருச்சும்மா. ஆலங்குடி வளைவுல. கயிறு லூசு."

நூறு தலை நாகராசுப் பக்கம் திரும்பியது. "பாத்துக் கட்டப்படாதாய்யா?" என்றாள் பிரகதாம்பாள். "இந்தக் கட்டத்தான் பல்லால அவுத்தீரா?"

நாகராசுக்கு நரம்பெல்லாம் புடைத்தது. உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. எதிரே புவனேஸ்வரி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஓரகத்தி, சிரிப்பதற்குத் தயாராக. அவர் உண்மையை விழுங்கினார். ஆனால் கயிற்றை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"விழுந்தது விழுந்துருச்சு" என்றார். "ஆனா முடிச்சு அவுறல. கயிறு லூசும் இல்ல. மெசினு தானா எந்திரிச்சுத் தாண்டிக் குதிச்சிருச்சு. நான் கண்ணாடியில பாத்தேன்."

 சனத்தில் இரண்டு பேர் பைக்கை எடுத்துக்கொண்டு ஆலங்குடிப் பக்கம் தேடப் போனார்கள்.