வாசலைவிட உயர்ந்த தெரு

தையல்கார அக்கா அந்தத் தெருவுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் குடித்தனம். தலையணை உறையோ பள்ளிக்கூடச் சீருடையோ, எதைக் கொடுத்தாலும் சொன்ன நாளில் கைக்கு வந்துவிடும். அதிகம் பேச மாட்டாள். பேசினால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான்.

அவள் கணவரைத் தெருவில் எல்லோரும் இன்னும் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்த மனிதர். டிப்போவில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டபின் சக்கர நாற்காலிதான். கால்கள் போனாலும் கைகளும் வாயும் நன்றாகவே வேலை செய்தன. காலையில் அவள் வாசற்படியில் ஒரு பலகையைச் சாய்த்துவிடுவாள். அவர் சறுக்கி இறங்கித் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு முனை டீக்கடைக்குப் போய்விடுவார். பத்து மணிவரை அங்கே அவர் ராஜ்யம்.

தெருதான் சரியில்லை. குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒருநாள் சக்கரம் குழியில் இறங்கி, கண்டக்டர் குப்புற விழுந்து மோவாய் கிழிந்தது. ஐந்து தையல். அன்றைக்குத்தான் அக்கா கத்தரிக்கோலை வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். மூன்று வாரம் வீடுவீடாக ஏறி இறங்கினாள். இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து. முதல் கையெழுத்து அவளுடையது.

“நீங்க கேட்டு நான் முடியாதுன்னு சொல்வேனாக்கா? ரோடு வந்துடும்” என்றார் கவுன்சிலர். சொன்னபடியே நகராட்சி மன்றத்தில் பேசித் தீர்மானம் வாங்கினார். ஒன்றரை வருடத்தில் ரோடு வந்தும் விட்டது.

வேலை நடந்தபோது அக்கா மேஸ்திரியிடம் கேட்டாள்: “பழசைத் தோண்டி எடுக்காமயே மேல போடுறீங்களே?”

“எஸ்டிமேட்ல தோண்டச் சொல்லலைம்மா. எங்களுக்குப் போடுறதுதான் வேலை.”

காங்கிரீட் காய்ந்தபோது தெரு வாசலைவிட உயர்ந்திருந்தது. எதிர்வரிசை வீடுகளுக்கு உயரமான அடித்தளம், தப்பித்தன. இந்தப் பக்கம் அக்கா வீடுதான் பழையது, தணிவானது. கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பாலேயே அளந்து பார்த்தாள். பன்னிரண்டரை அங்குலம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

“இத்தனை நாள் இறங்கிப் போனேன், இனி ஏறிப் போகணுமா?” என்று கண்டக்டர் சிரித்தார். “சரி, ஏறுறவங்களுக்கு வழிவிடுங்க.”

பலகையை மேல்நோக்கிச் சாய்த்து அவள் பின்னாலிருந்து தள்ளினாள். பாதி ஏறிய நாற்காலி பின்வாங்கி அவள் கால் கட்டைவிரலில் ஏறியது. நகம் பெயர்ந்தது. மறுநாளும் முயன்றார்கள். மூன்றாம் நாள் கண்டக்டரே, “விடு, இன்னைக்கு டீ குடிக்கத் தோணலை” என்றார்.

கொத்தனார் வந்து பார்த்தார். வீட்டுக்குள் சரிவு வைக்க இடம் போதாது. சுவரை ஒட்டி ரோட்டோரமாகப் பத்தடி நீளம், மூன்றடி அகலத்துக்கு வெட்டிச் சரிவு அமைத்தால் நாற்காலி தானாக ஏறும் என்றார். “ஆனா ரோட்டைத் தொட அனுமதி வேணும்க்கா.”

அனுமதிப் பிரிவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு எழுத்தர் இருந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

“புது ரோட்டை மூணு வருஷத்துக்கு யாரும் வெட்டக் கூடாதும்மா.”

“அப்ப வீட்டை உயர்த்திக்கிறேன்.”

அவர் ஒரு வரைபடத்தைப் பிரித்துச் சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார். “உங்க வீடு ரோட்டை அகலப்படுத்துற கோட்டுக்குள்ள வருது. இங்க எந்தக் கட்டட வேலைக்கும் அனுமதி கொடுக்க முடியாது.”

“எப்ப அகலப்படுத்துவீங்க?”

“கோடு போட்டே பதினோரு வருஷம் ஆச்சு. எப்பன்னு யாருக்கும் தெரியாது.” பிறகு குரலைத் தணித்தார். “மன்றம் மனசு வச்சா விதிவிலக்கு தரலாம். மனுவை நானே டைப் பண்ணித் தர்றேன்.”

கூட்டத்தன்று அக்கா கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். பார்வையாளர் வரிசையில் கடைசி பெஞ்சு. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, கடை உரிமம் என்று ஒவ்வொன்றாகப் போய், முப்பத்தொன்றாவது பொருளாக அவள் மனு வந்தது. கவுன்சிலர் உண்மையிலேயே உருக்கமாகத்தான் பேசினார். பொறியாளர் எழுந்து, ரோட்டு விளிம்பை வெட்டினால் மழைநீர் இறங்கி அடித்தளத்தை அரிக்கும் என்றார். “ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஆளாளுக்குக் கடப்பாரையோட வருவாங்க” என்றார் தலைவர்.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பழைய கோப்பைப் புரட்டினார். “இந்த ரோடு வேணும்னு வந்த மனுவுல முதல் கையெழுத்து யாருதுன்னு பாருங்க. இதே அம்மாதான்.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அக்கா பாதி எழுந்தாள். தோண்டாமல் போடச் சொல்லி யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்க வேண்டும். வாசலில் நின்ற காவலாளி கையைத் தணித்து, உட்காருங்கள் என்று சைகை காட்டினார். பார்வையாளர்கள் பேசக் கூடாது. உட்கார்ந்துவிட்டாள். “ஒத்திவைக்கப்படுகிறது” என்று படித்துவிட்டு, மீன் கடை உரிமத்துக்குப் போனார்கள்.

வீட்டில் கண்டக்டர் சட்டையை மாற்றிக்கொண்டு காத்திருந்தார்.

“என்னாச்சு?”

“தள்ளி வச்சிருக்காங்க.”

“எப்ப வரைக்கும்?”

“சொல்லலை.” மெஷின் முன்னால் உட்கார்ந்தாள், தைக்கவில்லை. “நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். குழியில விழுந்தாலும் நீங்க வெளிய போயிருப்பீங்க.”

“நீ கேட்டதுல என்ன தப்பு?” என்றார் அவர். மாற்றியிருந்த சட்டையின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

எட்டு மாதமாகிவிட்டது. எழுத்தரிடம் நாலு தடவை போனாள். நாலாம் தடவை அவரும் மாற்றலாகிப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் தண்ணீர் கேன் போடுகிறவரும் மளிகைக்கடைக்காரரும் வந்து நாற்காலியைத் தூக்குவார்கள். தூக்கும்போது கண்டக்டர் கண்ணை மூடிக்கொள்வார். டீக்கடைக்காரர் கொஞ்ச நாள் டீ கொடுத்தனுப்பினார். கண்டக்டர்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பகலெல்லாம் ஜன்னலோரம் இருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் ஆட்களின் இடுப்புக்குக் கீழேதான் தெரிகிறது.

ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் எதிர்வீட்டு டீச்சர் ரவிக்கைத் துணியோடு இறங்கி வந்து, “உங்க புண்ணியத்துல இப்ப ஸ்கூட்டர் வழுக்கிட்டுப் போகுதுக்கா” என்றாள்.

அக்கா டேப்பை எடுத்து, “கையைத் தூக்குங்க” என்றாள்.