பசிக்கிற முகம் கீறிய பிலோமினா அக்கா

ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் கதைத்த தாதி 'பிலோமினா' என்ற பெயரைப் பிசகில்லாமல் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. நான் 'ஓம், ஓம்' என்று தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் மணந்தது. முதல் நாள் பின்னேரம்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அக்கா ஆஸ்பத்திரிச் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "சாந்தி, இவையளுக்கு நாக்கெண்டு ஒண்டு கிடக்கோ இல்லையோ?" என்று கேட்டார். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நேரத்திலும் சாப்பாட்டில் குறை பிடிக்கிற ஆள் செத்துப்போக மாட்டார் என்று நம்பி வீட்டுக்கு வந்தேன். என்ன மடத்தனமான நம்பிக்கை!

நம் சங்கத்து ஆட்களான உங்களில் பலருக்கு அவரை 'மியூசியத்து அக்கா' என்றுதான் தெரியும். நாம் வந்து குடியேறிய இந்த லின்ஃபீல்டில், எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில், ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். நானும் அவரும் ஒரே மியூசியத்தில் ஒரே வேலை பார்த்தோம். படம் மாட்டிய அறைகளில் நின்று ஆட்கள் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, நாள் முழுக்க நிற்கிற கால். நான் சிரித்துக்கொண்டு நாலு வார்த்தை சொல்லித்தான் ஆட்களை விலக்குவேன். அக்கா "பிளீஸ், நோ டச்" என்று ஒரு அதட்டுப் போடுவார். சின்னப்பிள்ளைகள் மட்டுமில்லை, கோட்டுப் போட்ட கனவான்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போவார்கள்.

மன்னாரில் இருந்த காலத்தில் அவர் ஒரு அச்சகத்தில் படம் கீறியவர். நம்மவர் வீட்டில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். அதன் முதல் பக்கத்துக்குச் செத்தவரின் முகம் வேண்டும். பல வீடுகளில் அடையாள அட்டையில் இருக்கிற முத்திரை அளவுப் படத்தைத் தவிர வேறெதுவும் இராது. அதைப் பார்த்துப் பெரிதாகக் கீறிக் கொடுப்பார். கிழவர், கிழவி, பிறகு பிறகு இளம்பிள்ளைகள். "எனக்கு வேலை கூடக் கூட ஊருக்குக் கேடு, சாந்தி" என்று ஒருமுறை சொன்னார். அந்த ஊரில் அவர் கீறாத வீடில்லை.

அவருடைய ஒரே மகன் ஜெறோமைப் பதினெட்டு வயதில் வீதியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார், எங்கே, எதற்கு, ஒன்றும் தெரியாது. விசாரிக்காத இடமில்லை. வருடங்கள் போகப் போக அக்காவுக்கு ஒரு யோசனை பிறந்தது. பதினெட்டு வயதுப் படத்தைக் காட்டித் தேடினால், வளர்ந்த ஆளை யாருக்கு அடையாளம் தெரியும்? அதனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஜெறோமின் முகத்தை ஒரு வயது கூட்டிப் புதிதாகக் கீறுவார். பிரதி எடுத்து, விசாரிக்கிற எல்லா இடத்துக்கும் அனுப்புவார். எப்படித் தெரியும் அவன் இப்போது எப்படி இருப்பான் என்று, எனக் கேட்டேன். "கண்ணுக்குக் கீழ ஒரு கோடு. ஒரு வருசத்துக்கு அது போதும்" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மியூசியத்துக்கு அமெரிக்க ஓவியர்களின் கண்காட்சி ஒன்று வந்தது. பத்திரிகை அட்டைக்கும் கதைக்கும் படம் கீறியவர்கள் ஒரு பக்கம், மனிதர்களை உட்காரவைத்து முகம் தீட்டியவர்கள் இன்னொரு பக்கம். கன்னம் சிவந்த பிள்ளைகள், மேசை நிறையச் சாப்பாடு, நாயோடு நிற்கிற தபால்காரர் என்று அட்டைப்படங்கள் கண்ணைப் பறித்தன. அக்கா ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாரையும் வடிவாச் சாப்பாடு போட்டு வளத்திருக்கினம்" என்றார். அது பாராட்டா நக்கலா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

கடைசி அறையில் ஊர்க்காரரின் வீட்டுப் படங்களுக்கு ஒரு சுவர் ஒதுக்கினார்கள். மியூசியத்தில் வேலை செய்கிறவர்களும் கொண்டு வரலாம் என்றார்கள். நம்மவர்கள் கொண்டு வந்ததெல்லாம் செத்தவர்களின் படம். நானும் என் அப்பாவின் படத்தைத்தான் கொண்டுபோனேன். நம் வீடுகளில் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவுவது வேறு யாரை? அக்கா மட்டும் அந்த வருடத்து ஜெறோமைக் கொண்டு வந்தார். "எங்கெங்கேயோ இருந்தெல்லாம் சனம் வருகுது. ஆரும் கண்டிருந்தால் சொல்லுவினம்" என்றார்.

திறப்பு நாள் காலை நடந்ததையும் நான் சொல்லத்தான் வேண்டும். என் கணவர் நம் சங்கத்தில் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கிறவர். எங்களவர் படங்கள் மொட்டையாக இருக்கக்கூடாது என்று, இந்தியக் கடையில் சந்தனச் சீவல் மாலைகள் வாங்கிக்கொண்டு வந்து ஒவ்வொன்றுக்கும் போட்டுவிட்டார். ஜெறோமுக்கும்தான். அவருக்கு யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாது. பார்த்த முகங்கள் எல்லாம் அவருக்கு ஒரே மாதிரித்தான் பட்டன. அக்கா வந்து அந்தச் சுவரைப் பார்த்தார். நேரே நடந்து போய்ப் படத்தில் கை வைத்து மாலையைக் கழற்றினார். பிலோமினாவை 'மீனா' என்று சுருக்கிக் கூப்பிடுகிற எங்கள் மேற்பார்வைக்காரி, பாவம், ஒன்றும் விளங்காமல், "மீனா, நாங்கள் படத்தைத் தொடுவதில்லையே!" என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டாள்.

"ஹீ நாட் டெட்" என்றார் அக்கா.

என் கணவருக்கு முகம் செத்துப் போயிற்று. "அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, எனக்குத் தெரியாது" என்று கையைப் பிசைந்தார். அக்கா மாலையைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தபடி சொன்னதை நான் ஒரு எழுத்து மாறாமல் சொல்கிறேன்: "நீங்கள் செய்தது பிழையில்லை, தம்பி. நான் காலம் முழுக்கச் செத்த ஆக்களைத்தானே கீறினனான். என்ர பிள்ளையையும் அப்பிடித்தான் கீறி வச்சிருக்கிறன். பாத்தால் மாலை போடத்தான் தோன்றும்."

அப்போதுதான் நானும் படத்தைச் சரியாகப் பார்த்தேன். படிய வாரிய தலை, நேரே பார்க்கிற கண், மேல் பொத்தான் வரைக்கும் பூட்டிய சட்டை. கல்வெட்டின் முதல் பக்கத்தில் நாமெல்லாரும் ஒருநாள் இருக்கப்போகிற மாதிரி இருந்தான் ஜெறோம்.

அடுத்த நாள் அக்கா மேற்பார்வைக்காரியிடம் போய், கண்காட்சி முடியுமட்டும் தன்னை முகம் தீட்டியவர்களின் அறையிலேயே விடச் சொல்லிக் கேட்டார். அங்கே ஒரு ஓவியர் தன் மனைவியைக் கல்யாணமான புதிதில் ஒருமுறையும், கிழவியான பிறகு ஒருமுறையும் தீட்டியிருந்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஆட்கள் குறைந்த நேரமெல்லாம் அக்கா அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பார், அவவுக்கு இதில இருக்க விருப்பமில்லை. எழும்பிப் போக நிக்கிறா. அவன் அதைக் கீறியிருக்கிறான்." எனக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருப்பது மட்டும்தான் தெரிந்தது. பார்க்கப் பார்க்க, அந்தக் கை அவள் உட்கார்ந்திருக்கிற கதிரையின் பிடியை அமத்திக்கொண்டிருப்பதும் தெரிந்தது. இன்னொரு நாள், "சிரிப்பைக் கீறுறது லேசு. சிரிச்சு முடிஞ்ச வாயைக் கீறுறதுதான் பாடு" என்றார். சாப்பாட்டு நேரத்தில் பிளேடால் பென்சில் சீவிக்கொண்டு, பாண் சுற்றின தாளில் வாய் வாயாகக் கீறிப் பார்ப்பார்.

ஜெறோமின் அடுத்த பிறந்தநாளுக்கு எங்கள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். இவர் வரத் தயங்கினார். "இஞ்சாருங்கோ, உங்களைத்தான் முக்கியமா வரச்சொன்னவ" என்று இழுத்துக்கொண்டு போனேன். மேசையில் புதுப் படம் இருந்தது. ஜெறோம் பாதி திரும்பியிருந்தான். யாரோ கூப்பிட்ட மாதிரி புருவம் சுருங்கி, வாய் கொஞ்சம் திறந்து, ஏதோ சொல்ல வந்தவன் போல. தலை கலைந்திருந்தது. சட்டையில் ஒரு பொத்தானைக் காணவில்லை. இவர் கனநேரம் குனிந்து பார்த்தார். அக்கா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு பார்வையில் அக்காவின் சீவியம் முழுக்க இருந்தது.

"அக்கா, பிள்ளைக்குப் பசிக்குது போல கிடக்கு" என்றார் இவர்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அழுதார். பிறகு எங்களுக்குச் சோறு போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தப் பசிக்கிற ஜெறோமுக்குத்தான் வயது கூடியது. ஒரு செய்தியும் வரவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆறுதல் சொல்கிறோம் என்று, 'அவன் கடவுளிட்டைப் போய்ச் சேர்ந்திருப்பான்' என்று அவரிடம் சொன்னவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு அவர் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன்.

அடக்கத்தன்று மாதா கோவிலில் அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் ஜெறோமின் படத்தையும் கொண்டுவந்து வைத்திருந்தோம். மகன் இல்லாமல் தாயை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. யாரோ ஒரு அம்மா, நல்ல மனதோடுதான், அக்காவின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மற்ற மாலையோடு ஜெறோமின் பக்கம் திரும்பினார். நான் எழும்ப முதல் இவர் எழும்பிவிட்டார். கையை நீட்டி மறித்துக்கொண்டு, கோவில் என்றும் பாராமல், "பிளீஸ், நோ டச்" என்றார். அக்காவின் அதே அதட்டு. எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

அவர் விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொண்டது பாதி தேய்ந்த ஒரு பென்சிலும் ஜெறோமின் கடைசிப் படமும்தான். படத்தை எங்கள் முன்னறையில் கொழுவியிருக்கிறேன். ஒரு பயம் மட்டும் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. அக்கா போய்விட்டார், இனி அந்தப் பிள்ளைக்கு யார் வயது கூட்டுவது? வயது போகாமல் சுவரில் இருக்கிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். என் அப்பாவும் அப்படித்தான் இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெறோமின் பிறந்தநாள். சமைத்து முடித்து, படத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். இவர் பென்சிலைப் பிளேடால் சீவித் தந்தார். எனக்கு ஒரு பூ கூடக் கீறத் தெரியாது. தொடாதே தொடாதே என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற நான், அந்தப் படத்தைத் தொட்டு, கண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். கோடு கோணலாகப் போய்விட்டது.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பிள்ளைக்கு நித்திரை காணாது போல கிடக்கு" என்றார்.