ஆராய்ச்சிக்குப் போன கால் விரல்

முட்டை லாரி ஓட்டிய காலமெல்லாம் புதுச்சத்திரத்துச் சடையனை யாரும் தேடி வந்ததில்லை. முட்டை வந்ததா என்று கேட்பார்களே தவிர, ஓட்டி வந்தவன் சாப்பிட்டானா என்று கேட்க மாட்டார்கள். வேலையை விட்டபின் வலது கால் பெருவிரல் வீங்கியது. யூரிக் ஆசிட், கறி ஆகாது என்றார் டாக்டர். அந்த விரலுக்கு வந்த மரியாதையைச் சொல்லி மாளாது.

டாக்டர் சொல்லி, சேலத்து ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஜெயப்பிரியா என்ற பெண் ஏசி காரோடு வந்தாள். மூட்டில் படியும் யூரிக் ஆசிட் உப்பைத் தின்னப்போகிற ரத்த வெள்ளணுக்கள் எப்படிச் சாகின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

"உடம்புல தினமும் செல்லுங்க சாகுதுங்கய்யா. பெரும்பாலும் சத்தமில்லாம சுருங்கி அடங்கிரும், பக்கத்துச் செல்லுக்குக்கூடத் தெரியாது. உங்க விரல்ல இருக்கறது வெடிச்சுச் சாகுது. உள்ள இருக்கறதையெல்லாம் கொட்டி ஊரையே கூட்டிருது. அதுதான் இந்த வீக்கம்."

சடையனுக்கு அந்தச் செல்களை ரொம்பப் பிடித்துவிட்டது. செத்தால் அப்படிச் சாகவேண்டும். முன்சீட்டில் உட்கார்ந்து, ஏசி போனாலும் போகிறதென்று கண்ணாடியை இறக்கி, தெரிந்தவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே சேலம் போய் ரத்தம் கொடுத்தார்.

வீக்கம் அடங்கிய பிறகு இன்னொரு தடவை ரத்தம் எடுத்தால் போதும், அத்தோடு முடிந்தது என்றாள் ஜெயப்பிரியா. சடையனுக்குப் பகீரென்றது. விரல் அடங்கினால் ஒரே ஒரு சவாரி, அப்புறம் கார் வராது.

மனைவி சௌந்திரம் வீட்டில் கறியை நிறுத்தினாள். சடையனோ சுற்றுவட்டாரத்தில் ஒரு கெடாவெட்டையும் விடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கத்திக் கெட்டது, இவர் தின்று கெட்டார். மாதங்கள் ஓடியும் விரல் தக்காளியாகவே இருந்தது.

ஜெயப்பிரியா நேரில் வந்து பார்த்தாள். "ஈரல் ஏதாச்சும் சாப்பிட்டீங்களாங்கய்யா?"

"ஈரலக் கண்ணுல பார்த்தே வருசமாச்சுங்க அம்மிணி."

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சௌந்திரம் திரும்பாமலே சொன்னாள்: "நேத்து இவரு சட்டைப் பையில ஈரல் வறுவல் மடிச்ச எலை இருந்துச்சு."

ஜெயப்பிரியா கோபப்படவில்லை. "அடங்கின ரத்தம் இல்லீன்னா மொதல்ல எடுத்ததும் சேராதுங்கய்யா. ஆராய்ச்சில இருந்து உங்களையே எடுத்துருவாங்க."

விரல் வலித்ததைவிட இது வலித்தது. அன்றிலிருந்து களியும் கீரையும்தான். பங்குனி நோம்பிக்கு மச்சான் வீட்டுக் குழம்பு வாசம் தெருவரை வந்தபோதும் சடையன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்தார். விரல் அடங்கியது. சேலம் போய் ரத்தம் கொடுத்தார். திரும்பி வந்து இறங்கும்போது, அவர் முகத்தைப் பார்த்த ஜெயப்பிரியா, "அடுத்த வாரமும் கார் வருதுங்கய்யா" என்றாள்.

சொன்ன நாளில் சடையன் வெள்ளை வேட்டி கட்டித் திருநீறு பூசி வாசலில் நின்றார். கார் வந்தது. முன்கதவைத் திறந்தார்.

"இன்னிக்குக் கார் அம்மாவுக்குங்க" என்றாள் ஜெயப்பிரியா. "வீக்கமே வராதவங்க ரத்தத்தோட ஒப்பிட்டுப் பார்க்கோணும். ஒரே ஊட்டுச் சோறுன்னா இன்னும் நல்லது. விரலப் பார்க்க வந்த அன்னிக்கே அம்மா சரின்னுட்டாங்க."

சடையனுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. "நோவில்லாத ஆளுக்கு ஒருக்கா எடுத்தாப் போதுமுங்களா?"

"இந்த வயசுல நோவில்லாத ஆளு கெடைக்கறதுதாங்கய்யா கஷ்டம். அம்மா மாசாமாசம் வரோணும்."

சௌந்திரம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கதவச் சாத்துங்க" என்றாள்.

சடையன் சாத்தினார்.