ஓடை நிழலும் கொயினா சந்தேகமும்

காலை ஐந்தரை மணி. வேலைக்கு முன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம். முதலில் கண்ணில் பட்டவர்கள், மேட்டு லயத்துக் குடியிருப்புக்காரர் வரிசையில் கம்பளி போர்த்திக் குந்தியிருந்தவர்கள். பால் வெட்டப் போகவேண்டியவர்களில் பாதிப் பேர் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால், மலையடிவாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் மருந்து கொடுக்கும் டிரசர். பெரட்டிலேயே காய்ச்சல் மருந்தான கொயினாவை ஊற்றிக் கொடுத்து, விழுங்குகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. லயத்துக்குக் கொடுத்தனுப்பினால் கொட்டிவிடுவார்கள்.

"என்னாய்யா ஊத்துறே? தண்ணியா?" என்றார் வீரப்பன் கங்காணி, எல்லோர் காதிலும் விழும்படி. "போன வருசம் இம்புட்டுக் காச்சல் இல்லையே."

"நாக்குல வெச்சுப் பாருங்கண்ணே, கசக்கும்."

"வேப்பெலையுந்தான் கசக்கும். மிச்ச மருந்தை எங்க விக்கிறே?"

நடுங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அன்றே மருந்துப் பெட்டி தோட்டத்துத் துரையின் ஆபீசுக்குப் போனது. ஊற்றுகிற வேலை கங்காணிக்கு வந்தது. காய்ச்சல் ஏறத்தான் செய்தது. "முன்னாடியே தண்ணி கலந்து வெச்சிருப்பான் லா" என்றார் கங்காணி.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, வேறு இடத்தின் மேல். கீழ் லயத்தில் அதே மருந்துதான். அங்கே காய்ச்சல் குறைவு. மேட்டு லயம் மலையோடையை ஒட்டியது. துரை புதியவர்; கடலோரத்து ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். அங்கே சதுப்புக் காட்டை வெட்டியதும் காய்ச்சல் அடங்கியதாம். இங்கும் வந்தவுடன் ஓடைக்கரைப் புதரையெல்லாம் வெட்டவைத்தார். அதன் பிறகுதான் இந்த நடுக்கம்.

அதை அவரிடமே சொன்னேன்.

"காடு வெட்னா காச்சல் போவும். நான் பாத்தது" என்றார் துரை. "உன் மருந்து மேலே ஆளுக்கு நம்பிக்கை இல்லே. மாசம் முடிஞ்சா நீ போ."

மாதம் முடியுமுன் சுகாதார அதிகாரி ஒருவர் வந்தார். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தால் ஓடைநீரை மொண்டு துரையிடம் காட்டினார். வெயில் பட்ட தெளிந்த நீரில் கொசுப்புழுக்கள் படுக்கைவாட்டில் மிதந்தன.

கடலோரத்தில் காய்ச்சலைப் பரப்பும் கொசு நிழலில் முட்டையிடுவது. காட்டை வெட்டினால் போய்விடும். மலையோரத்தில் பரப்புவது வேறு கொசு. வெயில் படும் ஓடைதான் அதற்கு வேண்டும். இவ்வளவு காலம் புதரின் நிழல் அதைத் தள்ளிவைத்திருந்தது. அதிகாரி இதை ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்தில் நின்ற கங்காணிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

இனி ஓடைக்கரையில் கத்தி வைக்கக்கூடாது என்று துரை உத்தரவு போட்டார். காரணம் சொல்லவில்லை. புதர் வளர்ந்து நீரை மூட மாதக்கணக்காகும். எனக்குச் சொன்னதை அவர் மாற்றவில்லை. மாதம் முடிந்து நான் கிளம்பினேன்; புது டிரசர் வந்தார்.

மறு வருடம் ஈப்போவில் மருந்துக் கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இருமல் மருந்து வாங்க வீரப்பன் கங்காணி வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க டிரசரே. நீங்க போனீங்க, கொஞ்சங் கொஞ்சமா காச்சலும் போயிருச்சு. புது டிரசருக்கு லயத்துல மாலையே போட்டாங்க."

"ஓடைக்கரை இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"அதுவா? ஒரே காடு. துரைக்கு என்னமோ, வெட்ட வுட மாட்டேங்குறாரு."

நான் கொடுத்த சீசாவின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு அதை வைத்துவிட்டு, அலமாரியில் இருந்த வேறொரு சீசாவைக் காட்டி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.