அன்னதானத்தன்று பார்த்த இல்லம்

அந்த முதியோர் இல்லத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். பதினோரு வருஷமாகப் பார்த்த இடம். அப்பா இறந்ததிலிருந்து ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அண்ணனும் நானும் ஷ்வேப்யிதாவைத் தாண்டி இருக்கும் அந்த இல்லத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவோம். ரங்கூனில் இது சாதாரணம். பிறந்தநாள், திதி, பிள்ளை பத்தாவது தேறியது, எதுவானாலும் ஓர் இல்லத்தில் ஒரு வேளைச் சோறு போட்டுவிட்டு வருவார்கள். பர்மியர்களைப் போல நாங்களும் அதை ‘அலூ’ என்போம். போடுகிறவர் ‘அலூஷின்’.

நாங்கள் போகும்போது கூடத்தில் எல்லோரும், மறதி முற்றியவர்கள்கூட, தயாராக இருப்பார்கள். இரண்டு நீள மேசைகள். பெண்களுக்கு வெளுத்த சட்டை, கன்னத்தில் சந்தனம் போல அரைத்த தனக்கா பூசியிருக்கும். ஒருவர்கூடக் கத்த மாட்டார், எழுந்து நடக்க மாட்டார். அண்ணன் லோன்ஜியை இழுத்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு இறங்கிவிடுவார். முடிந்ததும் அவர்கள் கைகூப்பி, எங்கள் புண்ணியத்தில் தங்களுக்கும் பங்கு என்று “தாது, தாது, தாது” என மூன்று முறை ஒரே குரலில் சொல்வார்கள். நாங்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். “வயசான காலத்துல இந்த மாதிரி நிம்மதியா ஒக்காந்திருக்கணும்” என்று அண்ணன் பஸ்ஸில் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். நானும் ஆமாம் என்பேன்.

பிறகு அண்ணனுக்கே மறதி வந்தது. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் சரக்கு எண்ணிய மனிதர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆனபின், விடிவதற்கு முன் எழுந்து வேலைக்குக் கிளம்ப ஆரம்பித்தார். எங்கள் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு முறை படியில் விழுந்தார். ஒரு முறை படகுத்துறையில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தேன். அண்ணி இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைப்பவள். கடைக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “போலீஸக் கூப்பிடுங்க, யாரோ ஒரு பொம்பள என்னப் பூட்டிட்டா” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். திரும்பி வந்து நான் கத்துவேன். ஒரு நாள் அவர் கையில் அடித்துவிட்டேன். அன்றைக்குத்தான் மலேசியாவில் இருக்கும் அவர் மகனுக்குப் போன் செய்தேன்.

“அத்தே, நீங்க ஒரு ஆளா எப்படிப் பாப்பீங்க? நல்ல எடமாப் பாத்து விடுங்க. நான் ஒரு லிஸ்ட் அனுப்புறேன், அதெல்லாம் கேட்டுப் பாருங்க” என்றான்.

லிஸ்ட் வந்தது. எத்தனை பேருக்கு ஒரு பணியாளர், கதவு எப்படிப் பூட்டியிருக்கிறது, கழிவறையில் கைப்பிடி உண்டா என்று இருபது கேள்விகள். எதற்கும் மதிப்பெண் போடுவது என் புத்தி. ஐந்தைந்தாக நூறு மதிப்பெண் என்று வகுத்துக்கொண்டேன். வேறு இடங்களைப் பார்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை. தெரிந்த இடம் இருக்கும்போது எதற்கு ஊரெல்லாம் அலைவது?

இல்லத்தை நடத்தும் சயாமா என்னைவிடச் சின்னவள், முன்பு நர்ஸாக இருந்தவள். நான் போன் செய்து நாள் சொல்லிவிட்டுத்தான் போனேன். கைப்பிடிகள் இருந்தன. படுக்கைகள் சுத்தம். கூடத்தில் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். எண்பத்தைந்து போட்டேன். “மொதப் பத்து நாள் இருந்து பாக்கட்டும் அமா. ஒரு வாரம் நீங்க வராதீங்க. ஒங்களப் பாத்தா வீட்டுக்குப் போகணும்பாரு” என்று சயாமா பர்மிய மொழியில் சொன்னாள். அமா என்றால் அக்கா. நியாயமாகப் பட்டது.

அண்ணனைக் கொண்டு விட்ட அன்று அவர் மகிழ்ச்சியாகவே வந்தார். ஆடி அமாவாசை என்று நினைத்துக்கொண்டார். “வாளி எங்க, வாளி எங்க?” என்று கேட்டபடியே உள்ளே போனார். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன். அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஆறாம் நாள் பொறுக்க முடியவில்லை. டியூஷனை நிறுத்திவிட்டு, யாருக்கும் சொல்லாமல் கிளம்பினேன். ஒரே மழை. தொழிற்சாலைப் பெண்கள் நெருக்கியடித்த பஸ்ஸில் நின்றுகொண்டே போய், தெப்பமாக நனைந்து, கூடத்தின் வாசலில் போய் நின்றேன்.

மேசைகளில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகள் காலி. என்னைப் பார்த்ததும் முதல் வரிசையில் ஒரு கிழவி கைகூப்பினாள். அதைப் பார்த்து அடுத்தவள், அதைப் பார்த்து அடுத்தவர். மேசை முழுக்கக் கைகள் மேலே எழுந்தன. “தாது, தாது, தாது.” பெற்ற பிள்ளையின் முகம் மறந்தவர்கள், தங்கள் பெயரே மறந்தவர்கள், இதை மறக்கவில்லை. இரண்டாவது மேசையின் கோடியில் அண்ணன் இருந்தார். கன்னத்தில் தனக்கா. அவர் கையும் கூப்பியிருந்தது. ஆறு நாளில் கற்றுக்கொண்டிருந்தார். என்னை நேராகப் பார்த்து மற்றவர்களோடு சேர்ந்து சொன்னார். நான் யார் என்பது அவர் கண்ணில் இல்லை.

பக்கத்தில் போனேன். மூத்திர நாற்றம். லோன்ஜி நனைந்து, அந்த ஈரம் ஆறிச் சில்லிட்டிருந்தது. “எழுந்திருங்கண்ணே” என்றேன். எழுந்திருக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துப் பயந்தார். பின்னால் அறையில் யாரோ முனகும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அங்கே இரண்டு பேரைப் பழைய லோன்ஜித் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள்.

சயாமா ஓடிவந்தாள். கோபமாக இல்லை, களைத்துப் போயிருந்தாள்.

“அலூஷின் பத்து மணிக்கு வர்றேன்னாங்க. மழையில எங்கேயோ மாட்டிக்கிட்டாங்க.”

“பத்து மணியிலேருந்து இப்படியே ஒக்கார வச்சிருக்கியா? மணி பன்னெண்டரை ஆகுது!”

“ஒம்போதரையிலேருந்து. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது அமா. ஒருத்தர் எழுந்தா எல்லாரும் எழுந்துடுவாங்க. நாங்க நாலு பேருதான் இருக்கோம்.”

“கத்துறவங்களக் கட்டி வைப்பியா?”

“கத்துறவங்களுக்குக் காலையில மாத்திர கொடுத்துடுவோம். மாத்திரைக்கு அடங்காதவங்களத்தான் கட்டுறது. கத்தல் கேட்டா அலூஷின் அடுத்த வருஷம் வேற எடத்துக்குப் போயிடுவாங்க. அவங்க வரலைன்னா இங்க அடுப்பு எரியாது. ஒங்களுக்கும் இப்படித்தான் செஞ்சோம் அமா. நீங்க சந்தோஷமாப் போனீங்க. திரும்பித் திரும்பி வந்தீங்க.”

அவளைக் கண்டபடி திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவையாவது நாங்கள் சொன்ன நேரத்துக்குப் போயிருக்கிறோமா? ஆடி மாதத்து மழை, அப்பளம் பொரிப்பதில் தாமதம், வேன்காரன் வரவில்லை. ஒரு மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததே இல்லை. அண்ணன் பாயசம் ஊற்றியபோது ஒரு கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் எதையோ கேட்டார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று நான் படம் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதைத் திறந்து அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அழிக்கவும் கை வரவில்லை.

அண்ணனை அன்றைக்கே அழைத்து வந்துவிட்டேன். நானும் சயாமாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி நிறுத்தவேண்டியிருந்தது. அவளே துணி மாற்றிவிட்டாள், டாக்ஸிவரை குடை பிடித்தாள். வழியெல்லாம் நான் அழுதேன். “கிரகம் பிடிச்சவளே, எண்பத்தஞ்சு போட்டியே” என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார்.

வீட்டில் இனி அவரைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று நம்பினேன். அவர் துறைமுகத்துக்குக் கிளம்புவதில்லை. பால்கனியில் நின்று கத்துவதில்லை. பூட்டவே தேவையில்லை. “எப்படி இருக்காரு அத்தே?” என்று மகன் கேட்கும்போதெல்லாம், “தொந்தரவே இல்லப்பா” என்கிறேன். அது உண்மை. சோறு போட்டால் கைகூப்பி மூன்று முறை சொல்கிறார். என் சமையலில் குறை சொல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிடாத மனிதர். ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் ரசம் வைத்தேன். தட்டைத் தூக்கி எறியட்டும், என்னை ஒரு வார்த்தை திட்டட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முழுவதும் சாப்பிட்டுவிட்டு, அலூஷின் நீடூழி வாழவேண்டும் என்று பர்மிய மொழியில் வாழ்த்தினார்.

சாப்பிட்டு முடித்தாலும் எழுந்திருப்பதில்லை. கைகூப்பியபடி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். “போங்கண்ணே, பாத்ரூம் போயிட்டு வாங்க” என்று கெஞ்சிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே போய்விடுவாரே தவிர நகரமாட்டார். எனக்கு இது புரியவே இரண்டு வாரம் ஆயிற்று. இப்போதெல்லாம் அவர் சாப்பிட்டு முடித்ததும் நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படியில் போய் நிற்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்.