தூளி சொன்ன எடை

என் தம்பி எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவன். இன்று மன்னார்குடி டவுன் பஸ்ஸில் தலை இடித்துக்கொண்டு நிற்கும் அந்த நெட்டையன், அன்று இரண்டு கிலோகூட இல்லை. வாராவாரம் வீட்டுக்கு வந்து எடை பார்க்கும் நர்ஸம்மா, "அடுத்த வாரமும் ஏறலன்னா தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில சேர்த்துடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. சுமை கூடக்கூட ஸ்பிரிங்கும் அதே கணக்கில் நீளும் என்று அறிவியல் டீச்சர் நடத்தியிருந்தார். தம்பியின் தூளியும் ஒரு ஸ்பிரிங்கில்தான் தொங்கியது. விடுவேனா? வெறும் தூளியில் ஸ்பிரிங்கின் கீழ்க்கொக்கி நிற்கும் இடத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்தேன். இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. இன்னொன்று வைத்தால் நான்கு. நூறு கிராமுக்கு இரண்டு மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, தம்பியைப் போட்டு அவனுக்கும் ஒரு கோடு போட்டேன். உதவிக்கு வந்திருந்த அத்தை, "செவுத்தக் கிறுக்காதடி" என்று கத்தியது என் காதில் ஏறவேயில்லை. எடை பார்க்கும் தூளி ஊரிலேயே எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

நர்ஸம்மா வருவதற்கு முதல் நாள் பார்த்தால், தம்பியின் கோட்டுக்குக் கீழே எட்டு மில்லிமீட்டர்! "நானூறு கிராம் ஏறிட்டான்!" என்று கூவினேன். அத்தை திருஷ்டி கழிக்க மிளகாய் எடுக்க ஓடினாள். அம்மா தம்பியைத் தூக்கி, மிளகாயோடு வந்த அத்தையிடம் கொடுத்துவிட்டுத் தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். வெறும் தூளியின் கொக்கியும் பழைய கோட்டுக்குத் திரும்பவில்லை. ஆறு மில்லிமீட்டர் கீழேயே நின்றது. முந்தின நாள் யாரும் இல்லாத நேரத்தில் அந்தத் தூளியில் ஏறி ஆசை தீர ஆடியவள் நான்தான். அளவுக்கு மீறி இழுத்த ஸ்பிரிங் பழைய நீளத்துக்கு வராது என்பதும் அதே பாடத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் தப்புக் கணக்கை நம்பி அம்மா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அம்மா, நானூறு இல்லம்மா. எட்டுல ஆறு போனா ரெண்டு. நூறுதான். நான் தூளியில ஆடிட்டேன்."

அத்தை கையை ஓங்கினாள். அம்மா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "நூறு நிஜமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நிஜம்மா. கணக்குல வருது."

மறுநாள் நர்ஸம்மா தன் தராசைப் பார்த்துவிட்டு, "நூறு கிராம் கூடியிருக்கான். ஆஸ்பத்திரி வேணாம்மா" என்றார். நோட்டைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றி வந்தேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும்.

திரும்பி வந்தபோது அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். நூறு கிராம் என்றால் எனக்குக் கடையில் ஒரு பொட்டலம் சீரகம், அவ்வளவுதான். போன முந்நூறுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "அழாதம்மா, மிச்சத்த அடுத்த வாரம் ஏத்திடலாம்" என்று தேற்றினேன்.